வாசலில் நின்று கேட்ட நாலு கேள்வி

கொரோனாவைப் பற்றி நான் முறையாகத் தெரிந்துகொண்டது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில். நோய் எங்கள் ஊருக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சுகாதார ஊழியர்களுக்கு அங்கே ஒரு பயிற்சி நடந்தது. ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்பதைத் தோளோடு தோள் உரச உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். கை கழுவுவது எப்படி என்று திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தபோது போண்டா வந்தது. கழுவாத கையோடு சட்னி தொட்டுச் சாப்பிட்டோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை, போண்டாவும் நன்றாக இருந்தது.

நான் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். உட்கார்ந்து செய்யும் வேலை கம்மி, தெருத்தெருவாக நடக்கும் வேலை ஜாஸ்தி. தடுப்பூசி, கர்ப்பிணிகள், டெங்குக் கொசு என்று பல வருடம் அலைந்ததில், செங்கம் ரோட்டுப் பக்கம் எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு விட்டுவிடும் என்பதுவரை எனக்குத் தெரியும். என் வீடும் அதே பக்கம்தான், ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தெருவில்.

அந்தப் பயிற்சியில் எங்கள் மண்டையில் நன்றாக ஏறியது ஒன்றே ஒன்று. இந்த நோய் விமானத்தில் வருகிறது. காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, வெளிநாடு போய் வந்தீர்களா என்று நாலு கேள்வி கொடுத்தார்கள். முதல் மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தாலும், நாலாவதற்கு ஆமாம் என்றால் விடாதே என்றார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது எப்படிப் புரிந்ததோ, திருவண்ணாமலைக்காரர்களான எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. வெளிநாடு எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. ஆசிரமத்துப் பக்கம் போனால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, இளநீர்க்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு வெளிநாடு நின்றுகொண்டிருக்கும். ஆக, நோய் யாரிடம் இருக்கிறது என்பது கையில் இருக்கிற மாதிரி இருந்தது. போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும்.

போய்ப் பார்த்தது நாங்கள் மூன்று பேர். நான், ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர், ஜீப் டிரைவர். ஊரடங்கு வந்தபோது வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் கிடைத்த விமானத்தில் ஏறிப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களை ஒவ்வொரு நாளும் நேரில் பார்த்து அந்த நாலு கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது உத்தரவு. அப்படித்தான் என் தெருவுக்கு அடுத்த தெருவில், ஒரு மாடி அறையில் இருந்த அம்மாவிடம் போனோம்.

அவரைத் தெருவில் எல்லோரும் மாடி வெள்ளைக்காரம்மா என்பார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த அறையில்தான் இருக்கிறார். பழைய நூல் புடவை கட்டுவார், குதிகால் தெரிய. தமிழை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. காலையில் கூடை கொண்டுவரும் கீரைக்காரப் பெண்ணிடம் சண்டை போட்டே கற்றுக்கொண்டார். அதனால் சாதாரணமாகப் பேசினாலும் கீரைக்கட்டு சிறுத்துப்போனதைக் கேட்பது போலவே இருக்கும்.

முதல் நாள் அவர் மாடிப்படியின் நடுவில் வந்து நின்றார். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். இன்ஸ்பெக்டர் எனக்குப் பின்னால், ஜீப்பைத் தொட்டபடி நின்றார்.

"காய்ச்சல் இருக்குங்களா?"

"இல்ல."

"இருமல்?"

"இல்ல."

"மூச்சு வாங்குதுங்களா?"

"படி ஏறினா வாங்கும். எனக்கு வயசாச்சு இல்ல?"

"வெளிநாடு போயிட்டு வந்தீங்களா?"

அவர் காலுக்குக் கீழே இருந்த படியைக் காட்டினார். "இதான் எனக்கு வெளிநாடு. வந்தேன், உக்காந்துட்டேன். திரும்பிப் போகல." சற்று யோசித்துவிட்டு, "வேலூர் போனேன், பல்லு புடுங்க. அது போன வருஷம். அதையும் சொல்லணுமா?" என்றார்.

நான் திரும்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். "எங்கயும் போகலையாம் சார்."

"போகலன்னா என்னாம்மா? ஃபாரின் ஃபாரின்தானே," என்றார் அவர்.

எனக்கும் அது சரி என்றே பட்டது. முப்பது வருடமாக நம் தண்ணீரையும் நம் அரிசியையும் சாப்பிட்ட உடம்பு, ஆனால் எங்கள் கண்ணுக்கு அது நேற்று இறங்கிய விமானமாகவே தெரிந்தது. அவர் பேசும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். மாஸ்க் போட்டிருந்தும் அடக்குவேன். நாலு கேள்விக்கும் சேர்த்து ஒரே மூச்சு. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவர் கேட்டுவிட்டார்.

"உன் கண்ணு ஏன் இப்படிச் செவக்குது? மூச்சு விடும்மா, வுழுந்துடப் போற."

எனக்கு அசடு வழிந்தது. "ஒண்ணும் இல்லீங்க," என்று சொல்லத் திறந்த வாயோடு அந்த மூச்சும் போய்விட்டது. "டீ குடிக்கிறியா?" என்றார். அவர் தினமும் கேட்பார். "டூட்டியில டீ குடிக்கக் கூடாதுங்க," என்று நானும் தினமும் சொல்வேன்.

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்துவோம். அப்போதுதான் எங்களுக்கு உயிர் வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, டிரைவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் பிளாஸ்க்கைத் திறப்போம். டம்ளர் ரெண்டுதான் இருந்தது. முதலில் குடிப்பவர் குடித்து முடித்ததும் அடுத்தவர் அதிலேயே ஊற்றிக்கொள்வார். அவருடைய மனைவி போடும் ஏலக்காய் டீ அப்படி இருக்கும். ஜீப்புக்குள் நாங்கள் நாங்களாக இருந்தோம். நோய் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பிறகு பிளீச்சிங் பவுடர் வந்தது. இன்ஸ்பெக்டர் ஆள் வைத்து அந்த அம்மாவின் கேட்டுக்கு வெளியே அகலமாகப் போட்டுவிட்டார். வாசலில் ஒரு வெள்ளைப் பட்டை. அதிலிருந்துதான் ஆரம்பித்தது. தெருவில் போகிறவர்கள் அந்த வீடு வந்ததும் எதிர்ச்சாரிக்கு மாறினார்கள். கீரைக்காரப் பெண் நிற்காமல் போனாள். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா, பல வருடமாக மாடிக்குப் பொங்கலும் சுண்டலும் கொடுத்தனுப்பியவர், படிப்பக்கம் இருந்த கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

ஒருநாள் நாலு கேள்விக்கும் இல்லை என்று சொல்லி முடித்த பிறகு, மாடி அம்மா டீ வேண்டுமா என்று கேட்கவில்லை.

"இந்த மாசத்தோட ரூம் காலி பண்ணச் சொல்லிட்டாங்க," என்றார்.

"யாரு, கீழ்வீட்டு அக்காவா? ஏனாம்?"

"நீ தினம் வர்றதாலதான்."

எனக்குச் சுருக்கென்றது. பஸ் இல்லை. கோயில் கதவே சாத்தியிருந்தது, லாட்ஜ் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டாம். திறந்திருந்த ஒன்றிரண்டு இடத்திலும் வெள்ளைத் தோலைப் பார்த்தால் அறை இல்லை என்றார்கள். இந்த வயதில் அந்த அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்? அவர் அழவில்லை. கைப்பிடிச் சுவரை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார். "ஜன்னல்ல மலை தெரியும். எனக்கு வேற எங்கயும் தூக்கம் வராது," என்றார். அதையும் சண்டை போடுகிற குரலில்தான் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தால் கால் நிற்காது. நேரே போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா ஜன்னலை விரல் அகலத்துக்குத் திறந்தார்.

"அக்கா, அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. வயசானவங்கள இப்ப வெளிய அனுப்பலாமா?"

"ஒண்ணும் இல்லன்னா நீங்க ஏன் நர்ஸம்மா தினம் ஜீப்ப எடுத்துக்கினு வர்றீங்க? இந்தத் தெருவுல வேற யாரு வூட்டுக்காவது வர்றீங்களா?"

பயிற்சியில் எனக்கு இதற்குப் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜன்னல் சாத்திக்கொண்டது. ஜீப்பில் ஏறியதும் இன்ஸ்பெக்டரிடம், "நாளையிலருந்து போக வேணாம் சார்," என்றேன். அவர் கெட்டவர் இல்லை. பாவம், பயந்தவர். "நாம போகாம, அந்தம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?" என்றார். டிரைவர் பின்னால் திரும்பாமலே எனக்கு ஒரு டம்ளர் டீ நீட்டினார். அதை வாங்கிக் குடித்தேன்.

அந்த டீயா, அதற்கு முந்தின நாள் டீயா என்பது எனக்குத் தெரியாது. அந்த வாரமே டிரைவருக்குக் காய்ச்சல். அடுத்து இன்ஸ்பெக்டர், அடுத்து நான். மூன்று பேருக்கும் பாசிட்டிவ். எங்களைக் கேட்க வந்தவர்களும் அதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். மூன்று பேரில் ஒருவருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. கடைசியில் துருவித் துருவிக் கேட்டதில், சென்னையில் மார்க்கெட்டில் வேலை பார்த்த டிரைவரின் மச்சான், ஊரடங்கில் பைக்கிலேயே வந்து அவர் வீட்டில் தங்கியிருந்தது வெளியே வந்தது. ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த இன்ஸ்பெக்டர் எகிறினார்.

"ஏன்யா, முன்னாடியே சொல்ல மாட்டியா?"

"அவன் மச்சான் சார்," என்றார் டிரைவர், நிஜமாகவே புரியாமல். "நாம வெளிநாடுன்னுதானே கேட்டோம்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து இருமி இருமிச் சிரித்தோம். பார்க்க வந்த டாக்டர் எங்களுக்கு மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

நல்லவேளையாக மூன்று பேருக்கும் லேசாகவே வந்து போனது. கொஞ்ச நாள் வார்டில் வைத்திருந்துவிட்டு, வீட்டில் தனியாக இருங்கள் என்று அனுப்பினார்கள். என் வீட்டுக்காரரும் மகளும் வேங்கிக்காலில் அவருடைய தம்பி வீட்டில் இருந்தார்கள். நான் பூட்டைத் திறந்து தனியாக உள்ளே போனேன். மறுநாள் காலையில் கதவைத் திறந்து பார்த்தால் என் வாசலில் வெள்ளைப் பட்டை. எனக்குப் பதிலாக வேலைக்கு வந்தவர்கள் போட்டது. அளவு குறையாமல், நன்றாகவே போட்டிருந்தார்கள்.

என் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன். அவர்களின் அம்மாக்கள் எதிர்ச்சாரிக்கு மாறிப் போனார்கள். பால்காரர் தெருமுனையிலேயே திரும்பினார். எதிர்வீட்டில் துணி காயப்போட வந்தவள் என்னைப் பார்த்ததும் துணியோடு உள்ளே போனாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கத்தலாம் என்றால் இருமல் வந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து அழுதேன்.

அன்று சாயங்காலம் வெளியே யாரோ கேட்டைக் குடையால் தட்டினார்கள். மாடி வெள்ளைக்காரம்மா. பட்டைக்கு அந்தப் பக்கம், நான் எப்போதும் அவர் வாசலில் நிற்கிற தூரத்தில் நின்றிருந்தார். மாஸ்க்குக்குப் பதிலாக ஈரிழைத் துண்டை மூக்குவரை கட்டியிருந்தார்.

"காய்ச்சல் இருக்குங்களா?" என்றார்.

என் குரல். அதே இழுப்பு. எனக்கு முதலில் புரியவில்லை. "இப்ப இல்லீங்க," என்றேன்.

"இருமல்?"

"கொஞ்சம் இருக்குங்க."

"மூச்சு வாங்குதுங்களா?"

"இல்ல."

அவர் குடையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "வெளிநாடு போயிட்டு வந்தீங்களா?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை. கொண்டுவந்த பையைக் கேட்டில் மாட்டிவிட்டு வந்த வழியே நடந்தார். பையில் கீரை இருந்தது. கீரைக்காரப் பெண்ணைத் தெருமுனைவரை துரத்திப் பிடித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். நாலு கேள்வி, ஒரு பை, திரும்பி நடை. அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் சாயங்காலம் ஆனால் தலை வாரிக்கொண்டு வாசலில் உட்கார ஆரம்பித்தேன். ஒருநாள் அவர் முகம் சரியில்லை. கேட்டேன்.

"கீழ்வீட்டுல சொல்லிட்டாங்க. நர்ஸ் வூட்டுக்குப் போனா இங்க திரும்பி வராதீங்க, மாசம் முடியற வரைக்கும்கூட வேணாம், அப்படின்னு."

"அப்ப ஏங்க வந்தீங்க? நாளைக்கு வராதீங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். தயவுசெஞ்சு வராதீங்க."

"ஏன்? உன்னால எனக்கு ரூம் போகுதுன்னு நான் சொன்னேன் இல்ல? நீ வராம இருந்தியா?"

"அது டூட்டிங்க."

"ம்," என்றார். நான் சொன்னதை ஒத்துக்கொண்டாரா, கேலி செய்தாரா என்று தெரியவில்லை. பையை மாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு கீழ்வீட்டுக் கதவு அவருக்குத் திறந்ததா என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அதே நேரத்துக்குக் குடையின் சத்தம் கேட்டபோதுதான் இறங்கியது.

மாசம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தபோது நான் வேலைக்குத் திரும்பினேன். இன்ஸ்பெக்டரும் வந்துவிட்டார், இளைத்துப்போய். ஜீப் கண்ணாடியை டிரைவர் தானே இறக்கிவிட்டார், பிளாஸ்க் வரவில்லை. "சார், இன்னைக்கு மாடி அம்மா தெருவுல முதல் வூட்டுலருந்து ஆரம்பிக்கலாம். ஒரு வூடு விடாம," என்றேன். மனுஷன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "நாலாவது கேள்விய மாத்திக்கம்மா," என்று மட்டும் சொன்னார். "வெளியூர்லருந்து யாராவது வந்திருக்காங்களான்னு கேளு."

ஒவ்வொரு வாசலாக நின்று கேட்டுக்கொண்டே போனேன். கீழ்வீட்டு அக்காவின் முறை வந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மூச்சு வாங்கவில்லை.

"வெளியூர்லருந்து யாராவது வந்திருக்காங்களா அக்கா?"

அக்கா உள்ளே திரும்பிப் பார்த்தார். உள்ளே செல்போனில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அவருடைய மகன் பெங்களூரில் வேலை பார்ப்பது எனக்குத் தெரியும்.

"போன வாரம் வந்தான்," என்றார் கடைசியில். "வூட்டுக்குத்தானே வந்தான்? அவன் நம்ம புள்ள நர்ஸம்மா."

அவருடைய முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு அவர் ஜன்னல் சந்து வழியாகக் கேட்ட கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள் நான். ஆனால் அவர் கை கதவை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் கேட்க மனம் வரவில்லை. மாடி அம்மாவும் கைப்பிடிச் சுவரை அப்படித்தான் பிடித்திருந்தார்.

"டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கலாம் அக்கா. ஒண்ணும் இருக்காது. நான் தினம் வந்து பார்க்கிறேன்."

"வாசல்ல அந்தப் பவுடர போடுவீங்களா?"

"போட மாட்டோம். உங்களுக்கும் இல்ல, மேலயும் இல்ல. யாருக்கும் இல்ல."

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாடிக்காரம்மாவ நான் நிஜமா போகச் சொல்லல நர்ஸம்மா. ஏதோ பயத்துல ஒரு வார்த்தை வந்துடுச்சு. அவங்க எங்கயும் போக வேணாம். நீங்களே சொல்லிடுங்க," என்றார். படிப்பக்கக் கதவின் தாழ்ப்பாளைத் தானே போய் எடுத்தார். அந்தச் சத்தம் எனக்கு வெளியே கேட்டது.

மாடிப்படியின் அடியில் போய் நின்றேன். மேலே அவர் வந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லீங்க."

"இருமல்?"

"இல்ல."

"மூச்சு?"

"நல்லா விடுறேங்க. ரூம் உங்களுக்குத்தான். அக்கா சொல்லச் சொன்னாங்க."

அவர் கைப்பிடிச் சுவரிலிருந்து கையை எடுத்தார். துண்டுக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது, அது நிறைந்திருந்தது. உடனே உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டாரோ என்று நின்றேன். கையில் ஒரு டம்ளரோடு திரும்பி வந்து, அதை நடுப்படியில் வைத்துவிட்டு மறுபடி மேலே ஏறி நின்றுகொண்டார்.

"நாலாவது கேக்கல நான்," என்றார். "டீ ஆறிடும்."

எடுத்து, மாஸ்க்கை இறக்கினேன். சர்க்கரை இல்லை, இஞ்சி ஜாஸ்தி. டிரைவர் மனைவி போடும் டீயின் பக்கத்தில் வைக்க முடியாது. படியிலேயே உட்கார்ந்து, மூச்சை அடக்காமல், அடிவரை குடித்தேன்.